பால் வந்தால் குளோரைடு இல்லை

ஜனவரி 18, சனி

யாரோ ஒரு பிள்ளை லேப்ல விட்டுட்டுப் போன அப்சர்வேஷன் நோட்டு இது. முதல் நாலு பக்கம்தான் எழுதியிருந்துச்சு. அதைக் கிழிச்சாச்சு, மீதி எனக்கு. பக்கத்துக்கு மூணு கட்டம் போட்டிருக்கு: சோதனை, உற்றுநோக்கல், முடிவு. நான் கட்டத்தையெல்லாம் மதிக்காம குறுக்கே எழுதிக்கிட்டுப் போறேன்.

எழுதச் சொன்னது இன்பராணி மேடம். எங்க வேதியியல் துறைத் தலைவி. "பவுன், உனக்கு வாய் ஓடுற வேகத்துக்குக் கை ஓட மாட்டேங்குது. தினம் நாலு வரி எழுதிப் பழகு"ன்னாங்க. சரி, எழுதிட்டாப் போச்சு.

என் பேர் பவுன்தாய். பதினாறு வருஷமா இந்த லேபுக்கு அட்டெண்டர். மூணு வருஷமா இதே துறைக்கு மாணவியும் நான்தான். தொலைநிலைக் கல்வி, பி.எஸ்சி. வேதியியல். எங்க காலேஜ்லயே சனி ஞாயிறு வகுப்பு. வாரம் பூரா நான் கழுவி வைக்கிற டெஸ்ட் டியூபை சனிக்கிழமை நானே அழுக்காக்குறேன்.

மார்ச்ல மூணு வருஷ பிராக்டிகலையும் ஒண்ணா நடத்துறாங்க. அதுலயும் தியரியிலயும் தேறிட்டா எனக்கு லேப் அசிஸ்டென்ட் வேலை. மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும். இப்ப எனக்கு ஸ்டூல். அப்ப நாற்காலி, மேசை, மேசைக்கு ஒரு டிராயர். எனக்கு அந்த டிராயர் மேல ஒரு கண்ணு.

ஜனவரி 19, ஞாயிறு

இன்னைக்கு ஆர்கானிக். எலக்ட்ரான் எங்கேயிருந்து எங்க போகுதுன்னு வளைஞ்ச அம்பு போடணும். நான் போட்ட அம்பெல்லாம் திரும்பி வந்த இடத்துக்கே போகுது. பழகிரும்.

மதியம் வெப்ப இயக்கவியல். எல்லாம் தானா விட்டா அலங்கோலமாத்தான் போகும், ஒழுங்குபடுத்தணும்னா யாராச்சும் உழைக்கணும், இதுக்குப் பேர் என்ட்ரோபின்னாங்க. இதுக்கா இத்தனை பக்கம்? எங்க வீட்டுக்காரர் வேலுச்சாமி டூட்டி முடிஞ்சு வந்து கண்டக்டர் சட்டையைக் கழற்றி வீசுற இடத்தைப் பார்த்தாலே தெரியுமே. வீட்டுல போய்ச் சொன்னேன். "உன் படிப்புக்கு உதாரணமாவாவது நான் பயன்படுறேனே"ன்னார்.

ஜனவரி 25, சனி

எனக்குப் பயம் இல்லாத ஒரே பாடம் உப்பு ஆய்வு. ஒரு பொட்டலத்துல ரெண்டு உப்பைக் கலந்து கொடுப்பாங்க. உள்ளே என்ன இருக்குன்னு ஒவ்வொரு மருந்தா விட்டுப் பார்த்துச் சொல்லணும். நாலு அயனி: நேரயனி ரெண்டு, எதிரயனி ரெண்டு. பதினாறு வருஷமா அந்தப் பொட்டலம் கட்டுறதே நான்தான். கட்டினவளுக்கு அவிழ்க்கத் தெரியாதா?

வகுப்புல மொத்தம் பன்னிரண்டு பேர். என் பக்கத்து மேசை சிவனாண்டி. சர்க்கரை ஆலையில சாம்பிள் எடுக்கிறவர், முப்பத்தஞ்சு வயசு. டிகிரி இருந்தா ஆலை லேபுக்குள்ள போகலாமாம், இல்லைன்னா ஆயுசுக்கும் வாளியோட வெளியே நிக்கணுமாம். கையெல்லாம் நடுங்குது மனுசனுக்கு. "அக்கா, இது வெண்மையா, வெளிர்மஞ்சளா?"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நான் வாயால சொல்றதில்லை, கண்ணைக் காட்டுறதோட சரி.

இன்னைக்கு அவர், "நைட்ரிக் ஆசிட் பாட்டில் சரியில்லையோ"ன்னு முணுமுணுத்தார். நான் விடலை. "பாட்டிலைக் குறை சொல்லாதீங்க, கையைக் குறை சொல்லுங்க"ன்னேன். இந்த லேப்ல இது என்னோட வாசகம். பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆறு வருஷத்துக்கு முந்தி ரிஸ்வானான்னு ஒருத்தி, பரீட்சை அன்னைக்கே வந்து வேற நைட்ரிக் பாட்டில் கேட்டா. வெளியூர்லேருந்து வந்த தேர்வாளர் முன்னாடி வச்சு இதே வாசகத்தைச் சொன்னேன். ஹாலே சிரிச்சுச்சு. பேசாமப் போய் உட்கார்ந்துட்டா.

பிப்ரவரி 2, ஞாயிறு

பகுப்பாய்வு வேதியியல்ல 'பிழைகள்'னு ஒரு பாடம். கருவியால வர்ற பிழை, முறையால வர்ற பிழை, ஆளால வர்ற பிழை. அப்புறம் பிளாங்க் டெஸ்ட்.

மேடம் சொன்னது: "உப்பைப் போடாதே. வெறும் தண்ணியை எடு. மத்த மருந்தையெல்லாம் அப்படியே விடு. அப்பவும் ரிசல்ட் வந்துச்சுன்னா அது உப்போடது இல்லை, மருந்தோடது."

நல்ல யோசனைதான். கண்ட கண்ட லேபுக்கும் தேவைப்படும்.

பிப்ரவரி 8, சனி

சிவனாண்டிக்கு இன்னைக்கு நான் ஒரு சூட்சுமம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சொல்லலை. அவர் கேக்கலை, அதான்.

என்னன்னா, எங்க துறையில ஒரு வழக்கம் இருக்கு. உப்புக் கரைசல்ல நைட்ரிக் ஆசிட் விட்டு, சில்வர் நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டா, குளோரைடு இருந்தா தயிர் மாதிரி வெள்ளையாத் திரளும். எங்க லேப்ல குளோரைடே இல்லாத உப்புக்கும் லேசாப் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல் வரும். அதனால ரெகுலர் பிள்ளைகளுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிருவாங்க: "பால் வந்தா குளோரைடு இல்லை, தயிர் வந்தாத்தான் குளோரைடு." ஏன் அப்படின்னு யாரும் கேட்டதில்லை. தண்ணி அப்படி, ஊர் அப்படின்னு ஒரு பேச்சு. சனி ஞாயிறு வர்றவங்களுக்கு இதைச் சொல்ல யாருக்கு நேரம்?

பிப்ரவரி 15, சனி

இயற்பியல் வேதியியல் மாதிரித் தேர்வு. நூத்துக்கு இருபத்தெட்டு. மேடம் பேப்பரைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கலை. நானும் பார்க்கலை.

பிப்ரவரி 22, சனி

அதே பாடத்துல அடுத்த மாதிரித் தேர்வு. நாப்பத்தொண்ணு. கை ஓட ஆரம்பிச்சிருச்சு.

மார்ச் 1, சனி

மேடம் ரூம்ல பழைய மார்க் ரிஜிஸ்டர் அடுக்கச் சொன்னாங்க. அடுக்கும்போது ஆறு வருஷத்துக்கு முந்தின ரிஜிஸ்டர் கையில வந்துச்சு. நானாத் தேடலை. ரிஸ்வானா: தியரி எல்லாத்துலயும் எண்பதுக்கு மேல. உப்பு ஆய்வுல மட்டும் அம்பதுக்கு இருபத்தொண்ணு. பக்கத்துல சிவப்பு மையில 'குளோரைடு தவறு'ன்னு எழுதியிருக்கு.

"இந்தப் பிள்ளை மேல படிச்சுச்சா மேடம்?"னு கேட்டேன். "எம்.எஸ்சி. சீட் நாலு மார்க்ல போச்சு, பவுன். அடுத்த வருஷம் போட்டிருக்கலாம். அதுக்குள்ள வீட்டுல கல்யாணம் பேசிட்டாங்க."

பரீட்சையில பதட்டப்பட்டா அப்படித்தான். அதுக்கு நாம என்ன பண்றது?

மார்ச் 21, வெள்ளி

நாளைக்கு உப்பு ஆய்வுப் பரீட்சை. இந்தத் தடவை பொட்டலம் கட்ட என்னை விடலை. மேடமும் வெளித்தேர்வாளரும் கதவைச் சாத்திக்கிட்டு அவங்களே கட்டினாங்க. நாளைக்கு ஹால்ல எனக்குப் பதிலா பிசிக்ஸ் அட்டெண்டர் குமரேசன் நிப்பார். நியாயம்தான். உப்பு அலமாரிச் சாவியைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க.

மருந்து பாட்டில் நிரப்புற வேலையை மட்டும் யாரும் என்கிட்டேயிருந்து வாங்கலை. குமரேசனுக்கு அந்த வேலை தெரியாது. எண்பது பாட்டில், ஒண்ணேகால் மணி நேரம். இந்த வேகத்துல இந்த ஜில்லாவுல யாரும் நிரப்ப முடியாது. என் முறை ரொம்ப சுலபம்: அமிலத்துக்கு ஒரு புனல், காரத்துக்கு ஒரு புனல். ஹைட்ரோகுளோரிக் முதல்ல, அப்புறம் சல்பூரிக், கடைசியா நைட்ரிக். பாட்டில்ல கிடக்கிறதைக் கொட்டிக் கழுவி நேரத்தைப் போக்குறதில்லை. குறைஞ்ச அளவுக்கு மேல ஊத்தி, துடைச்சு, மூடி போட்டு, அடுத்தது.

நாளைக்கு நான் அம்பதுக்கு அம்பது.

மார்ச் 22, சனி

பரீட்சை முடிஞ்சு லேப் ஸ்டூல்லயே உட்கார்ந்து எழுதுறேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதணும்.

பத்து மணிக்கு ஆரம்பம். என் பொட்டலம் வெள்ளைத் தூள். ஆல்கஹாலும் சல்பூரிக்கும் விட்டுக் கொளுத்தினேன், சுடரோட ஓரம் பச்சை. போரேட். ஒரு எதிரயனி கைக்கு வந்தாச்சு. அடுத்ததுக்கு முதல் சோதனை குளோரைடு. நைட்ரிக் விட்டேன், சில்வர் நைட்ரேட் விட்டேன். பால் வந்துச்சு.

வழக்கமா வர்ற பால் இல்லை. நல்ல பசும்பால். தயிரும் இல்லை, லேசான மங்கலும் இல்லை, ரெண்டுக்கும் நடுவுல நின்னுச்சு. அமோனியா விட்டேன், கரைஞ்சு தெளிஞ்சுருச்சு. புத்தகப்படி பார்த்தா குளோரைடு உறுதி.

பக்கத்துல சிவனாண்டி மூச்சை விட்டுச் சொன்னார்: "அக்கா, குளோரைடு வந்துருச்சு. அமோனியாவுல கரைஞ்சும் போச்சு. எழுதிட்டேன்." இந்த லேப்ல அவர் கை நடுங்காம நான் பார்த்தது இன்னைக்குத்தான்.

நானும் எழுதப் போனேன். பேனா நின்னுருச்சு. என் பொட்டலத்துலயும் குளோரைடு, அவர் பொட்டலத்துலயும் குளோரைடா? எட்டிப் பார்த்தேன். எதிர் வரிசையில மூணு பேர் டியூப்ல அதே பசும்பால். பதினாறு வருஷம் பொட்டலம் கட்டினவ நான். பன்னிரண்டு பேருக்கு ஒரே அயனியை யாரும் வைக்க மாட்டாங்க.

ஒரு டெஸ்ட் டியூப்ல வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணி எடுத்தேன். நைட்ரிக் விட்டேன். சில்வர் நைட்ரேட் விட்டேன்.

பால்.

அந்த டியூபைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நேத்து நான் எழுதினது ஞாபகம் வந்துச்சு. ஹைட்ரோகுளோரிக் முதல்ல, நைட்ரிக் கடைசியில. அதே புனல். புனல்ல ஒட்டின குளோரைடெல்லாம் நைட்ரிக் பாட்டிலுக்குள்ள போகுது. பாட்டிலைக் கழுவறதும் இல்லை. பதினாறு வருஷமா வர்ற பால் தண்ணியால இல்லை, ஊரால இல்லை. நேத்து அவசரத்துல புனல்ல கொஞ்சம் கூடவே தங்கியிருக்கும்.

டியூபை ஸ்டாண்டுல சொருகிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மணி பதினொண்ணு பத்து. எனக்கு ஒரு குறையும் இல்லை. என் விடைத்தாள்ல 'குளோரைடு இல்லை'ன்னு எழுதிட்டு அடுத்த சோதனைக்குப் போனா அம்பதுக்கு அம்பது. வாயைத் திறந்தா, எனக்கு வேலை உயர்வு கொடுக்க வேண்டிய மேடம் முன்னாடி, பதினாறு வருஷமா இந்த லேபுல அழுக்கு மருந்து ஊத்தினவ நான்தான்னு ஆகும். சிவனாண்டி அதுக்குள்ள அடுத்த பக்கம் திருப்பிட்டார். அவர் பாட்டுக்குச் சந்தோஷமா வாளியோட வெளியே நிக்கப் போறார். எனக்கு அந்த ரிஜிஸ்டரும் சிவப்பு மையும் கண்ணுக்குள்ள நின்னுச்சு.

எழுந்து தேர்வாளர்கிட்டப் போனேன். "சார், நைட்ரிக் ஆசிட்ல குளோரைடு கலந்திருக்கு."

கண்ணாடிக்கு மேல பார்த்தார். "ரிசல்ட் வரலைன்னா எல்லாரும் பாட்டிலைத்தாம்மா குறை சொல்வாங்க."

"பாட்டிலைச் சொல்லலை சார். நிரப்பின கையைச் சொல்றேன். நிரப்பினது நான்தான்."

எழுந்து வந்து அவரே தண்ணி எடுத்து, அவரே ரெண்டும் விட்டுப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?" நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தரையைப் பார்த்தாங்க. பால் வந்தா குளோரைடு இல்லைன்னு வருஷா வருஷம் பாடம் நடத்தினவங்க அவங்க. "நான் வேலைக்கு வந்ததுலேருந்து இருக்கும் சார்"னேன். சிவனாண்டி பேனாவை மூடிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தார்.

புது ஆசிட் கரைக்கணும். குமரேசன் தண்ணியை ஆசிட்ல ஊத்தப் போனார். "யோவ், ஆசிட்டைத் தண்ணியில ஊத்தணும்யா, தண்ணியை ஆசிட்ல இல்லை"ன்னு தடுத்து நானே வாங்கினேன். தேர்வாளர், "உங்க நேரம் போகுதும்மா"ன்னார். "போகட்டும் சார்"னேன். பன்னிரண்டு பாட்டிலையும் கொட்டி, மூணு தடவை காய்ச்சி வடிச்ச தண்ணியில அலசி, புதுப் புனல் போட்டு நிரப்பி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் பிளாங்க் பார்த்து மேசையில வச்சேன். பளிங்கு மாதிரித் தெளிவு. இந்த லேப்ல அப்படி ஒரு டியூபை நான் பார்த்ததே இல்லை. நாப்பது நிமிஷம் ஆச்சு.

எல்லாருக்கும் அரை மணி நேரம் கூடக் கொடுத்தார். ரெண்டாவது எதிரயனி நைட்ரேட், பழுப்பு வளையச் சோதனையில பிடிச்சேன். ஒரு நேரயனியும் கிடைச்சுது. ரெண்டாவது நேரயனிக்கு உறுதிச் சோதனை பண்ண நேரம் இல்லை. தெரியும், ஆனா காட்டலை. "காட்டாததுக்கு மார்க் இல்லைம்மா"ன்னார். தெரியும் சார்னேன்.

சிவனாண்டி குளோரைடை அடிச்சுட்டு சல்பேட்டுன்னு எழுதினார். கை பழையபடி நடுங்குச்சு.

மார்ச் 24, திங்கள்

மெமோ. 'விளக்கம் தருக.' மேடம் கொடுக்கும்போது, "நான் கொடுத்துத்தான் ஆகணும், பவுன். எனக்கும் ஒண்ணு வரும்"னாங்க.

விளக்கம் எழுதிட்டேன். இந்த நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சு, முதல் தடவையா அந்த மூணு கட்டத்துக்குள்ள எழுதினேன். சோதனை: எல்லா அமிலத்துக்கும் ஒரே புனல், கழுவாத பாட்டில். உற்றுநோக்கல்: பால். முடிவு: கை.

மேடம் ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம், "இதைத் தட்டச்சு பண்ணிக் கொடு, ஆபீஸ்ல இப்படி வாங்க மாட்டாங்க"ன்னாங்க.

ஏப்ரல் 5, சனி

அமிலத்துக்கு மூணு புனல். ஒவ்வொண்ணுலயும் பெயின்ட்ல பேர். வாரம் ஒரு தடவை பிளாங்க். எண்பது பாட்டிலுக்கு நாலு மணி நேரம் ஆகுது. ஜில்லாவுலயே மெதுவான ஆள் இப்ப நான்தான்.

மே 30, வெள்ளி

ரிசல்ட். எல்லாத்துலயும் பாஸ். இயற்பியல் வேதியியல் நாப்பத்தேழு. வளைஞ்ச அம்புக்கு அம்பத்திரண்டு. நான் அம்பதுக்கு அம்பதுன்னு எழுதி வச்ச உப்பு ஆய்வுல முப்பத்திரண்டு. சிவனாண்டிக்கு நாப்பத்தாறு. போன் பண்ணி அழுதார். ரிசல்ட்டைக் காட்டினதும் உள்ளே விட்டுட்டாங்களாம், ஆலை லேபுக்குள்ள நின்னுதான் பேசுறாராம். வேலுச்சாமி ஒரு கிலோ பால்கோவா வாங்கிட்டு வந்தார். வேற ஸ்வீட்டே கிடைக்கலையான்னேன்.

மேடம் என் உயர்வுக் கோப்பில கையெழுத்துப் போட்டுட்டாங்க. கூடவே மெமோவும் இருக்கு. மேல இருக்கிறவங்க எதைப் பார்ப்பாங்களோ தெரியாது. "தப்பைச் சொன்ன ஆளுக்குத்தான் நான் லேபைக் கொடுக்கணும்"னு பக்கத்துல எழுதியிருக்காங்களாம். கிடைக்கும். எனக்கு நம்பிக்கை இருக்கு.

மே 31, சனி

மேடம்கிட்ட ரிஸ்வானா நம்பர் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. இந்த நோட்டோட பின்னட்டையில எழுதி வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில பண்ணினேன்.

உத்தமபாளையத்துல ஒரு மருந்துக் கடையில இருக்கா. குரல் கேட்டதுமே கண்டுபிடிச்சுட்டா. "பவுனக்காவா? எப்படி இருக்கீங்க?" அவ குரல்ல ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

புனலைச் சொன்னேன். பாலைச் சொன்னேன். பரீட்சையில நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு உன் கையில தப்பு இல்லைடி. என் பாட்டில்தான். ஆறு வருஷம் கழிச்சுச் சொல்றேன், மன்னிச்சுக்கோ"ன்னேன்.

"தெரியும்க்கா"ன்னா.

"என்னடி தெரியும்?"

"அன்னைக்குப் பால் வழக்கத்தைவிடக் கெட்டியா வந்துச்சு. நான் பிளாங்க் பண்ணிப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

எனக்குப் புரியலை. "பார்த்துட்டு அப்புறம் ஏன்டி பேப்பர்ல குளோரைடுன்னு எழுதினே?"

அந்தப் பக்கம் யாரோ காய்ச்சல் மாத்திரை கேட்டாங்க. எடுத்துக் கொடுத்துட்டு வந்தா.

"நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களேக்கா. இத்தனை வருஷமா லேப்ல இருக்கிறவங்க சொல்றாங்க, அப்ப நான்தான் தப்பாப் பார்த்திருப்பேன்னு நினைச்சுட்டேன்."

அழுகை வந்துச்சு, போனைக் காதுலேருந்து தள்ளிப் பிடிச்சேன். அவளே, "அக்கா, லைன்ல இருக்கீங்களா?"ன்னு கேட்டா.

தொலைநிலையில எம்.எஸ்சி. இருக்கு, ஜூன்ல விண்ணப்பம் கொடுக்கிறாங்க, எங்க காலேஜ்லதான் வகுப்புன்னு சொன்னேன். "பார்க்கலாம்க்கா"ன்னா. வந்தே தீரணும், நான் சொல்றேன் வான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"நீ என்ன நினைக்கிறேன்னு சொல்லு, நான் கேட்டுக்கிறேன்"னேன். அவ பேச ஆரம்பிச்சா. நான் நடுவுல பேசலை.